தலைப்பாகையும் தலையெழுத்தும் – 9: மேசைமேல் ஒரு தாள்

போன வாரம் வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தை அடக்க ஆற்காட்டிலிருந்து வந்த கர்னல் கில்லெஸ்பியைக் கோட்டைச் சுவரில் பாதிக் கயிற்றில் தொங்கவிட்டு முடித்திருந்தேன். “ஒரு மனுஷனை ஏழு நாளா அந்தரத்துல விடலாமா சார்?” என்று வாணியம்பாடி வாசகர் ஒருவர் போனில் சண்டைக்கே வந்துவிட்டார். நியாயம்தான். முதலில் அவரை மேலே ஏற்றிவிடுகிறேன்.

1806 ஜூலை 10, காலை. கோட்டை மதிலின் மேல் 69ஆம் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் அறுபது பேர்போல உயிரோடு இருந்தார்கள். தோட்டா தீர்ந்துவிட்டது. தலைமை தாங்க அதிகாரி என்று யாருமில்லை. மேலே வந்த கில்லெஸ்பி அவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடு பாயச் சொன்னார். ஆற்காட்டிலிருந்து குதிரைகள் இழுத்து வந்த சிறு பீரங்கிகள் வரும்வரை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. பீரங்கிகள் வந்தன. கதவு பிளந்தது. குதிரைப்படை உள்ளே புகுந்தது. கலகக்காரர்கள் ஏற்றிய திப்புவின் புலிக்கொடி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் கீழே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரண்மனைப் பக்கம் ஒதுங்கியிருந்த நூறு சிப்பாய்கள்போல இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பீரங்கிகளோடு வந்து அதைக் கண்ணால் பார்த்த பிளாக்கிஸ்டன் என்ற பொறியியல் படை லெப்டினன்ட், இருபது வருடம் கழித்துத் தன் நினைவுகளை எழுதினார். அன்று சலனமில்லாமல் பார்த்ததாகவும், இப்போது நினைத்தால் அதை ஒப்புக்கொள்வது கடினமாக இருப்பதாகவும் அவரே எழுதியிருக்கிறார். இறந்த இந்தியச் சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் எண். அதற்கு மேல் என்பவர்களும் உண்டு. வெள்ளையர் பக்கம் கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் உட்பட 14 அதிகாரிகள், நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள்.

கில்லெஸ்பி கதை இத்துடன் முடிந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1814 அக்டோபரில், கூர்க்கா யுத்தத்தில் நலாபானிக் கோட்டைக் கதவருகே அவர் சுடப்பட்டு இறந்தார். வேலூரில் திறந்த கதவு அங்கே திறக்கவில்லை.

இந்த வாரம் நாம் பின்தொடரப் போவது இன்னொருவரை. அன்று சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த கவர்னரை.

அதற்கு முன், கலகத்தைக் கிளப்பிய புதிய தலைப்பாகையைப் பற்றி ஒரு பாக்கி. “அந்தத் தலைப்பாகையில இருந்தது என்ன தோல்? மாடா, பன்றியா?” என்று ஆறேழு வாசகர்கள் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துக்காரர்கள். தோலோடு பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு வேறென்ன கேள்வி வரும்?

ஆம்பூரில் தோல் தரம் பிரித்தே தலை நரைத்த பெரியவர் ஒருவரிடம் போனேன். மேசைமேல் துண்டுத் தோல்கள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி ஜன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இதோ பாரு தம்பி, சின்னச் சின்ன ஓட்டை. முடி மொளைச்ச எடம். இது வளைஞ்சு வளைஞ்சு வரிசையா போவுது பாரு, ஆடு. இது சீரா எல்லா எடத்துலயும் பரவியிருக்குது, மாடு. எருமைன்னா ஓட்டை பெருசு, தள்ளித் தள்ளி இருக்கும்.”

“பன்றி, பாய்?”

“நாங்க தொடறதில்ல. ஆனா தெரியும். வெளிநாட்டு ஷூவைப் பிரிச்சா உள்ள லைனிங்ல வரும். மூணு மூணா ஓட்டை இருக்கும், அடுப்புக் கல்லு மாதிரி. அதுல ஏமாத்தவே முடியாது.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தத் தொப்பியை எங்கிட்ட காட்டியிருந்தா ஒரு நிமிஷம்” என்றார்.

ஒரு நிமிஷம்தான். ஆனால் 1806இல் யாரும் யாரிடமும் எதையும் காட்டவில்லை, கேட்கவுமில்லை. அதோடு, வதந்தி தோலைப் பற்றி மட்டும் என்று நினைத்தால் தப்பு. புதிய தலைப்பாகை பார்வைக்குத் தொப்பி மாதிரி இருந்தது. படையில் முரசடித்த கிறிஸ்தவர்கள் அணிந்த தொப்பி அது என்று ஊரார் கேலி செய்தார்கள். இதைப் போட்டால் வீட்டில் பெண் கொடுக்கமாட்டார்கள், பந்தியில் உட்கார விடமாட்டார்கள் என்ற பேச்சு பாளையங்களில் ஓடியது. சீருடையில் மார்பருகே தொங்கிய திருப்புளிகூடச் சிலுவை போல இருக்கிறது என்றார்கள். அதன் மேல் இந்த விதி: நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும். தலைப்பாகையில் இருந்தது அசல் ஆட்டுத் தோல் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் ஜூலை 10 வந்திருக்கும் என்பதே என் கணிப்பு.

இனி கவர்னருக்கு வருவோம்.

லார்ட் வில்லியம் பெண்டிங்க். போர்ட்லண்ட் பிரபுவின் இரண்டாவது மகன். 1803இல் சென்னை ராஜதானியின் கவர்னராக வந்து இறங்கியபோது வயது முப்பதுகூட நிரம்பவில்லை. கெட்டவரில்லை. சொல்லப்போனால் நல்லது செய்ய வேண்டும் என்ற துடிப்பு கொஞ்சம் அதிகமாகவே இருந்தவர். நம் பக்கத்துத் திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாரமகாலில் கம்பெனி அதிகாரி ரீடும் அவரிடம் வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் ஒரு வரி முறையைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழுகிறவன் பெயரிலேயே பட்டா கொடுத்து வரி வாங்கும் ரயத்துவாரி முறை. மேலிடத்துக்குப் பிடித்தது ஜமீன்தாரி. பெண்டிங்க் மன்றோ பக்கம் சாய்ந்தார். விவசாயி என்ன நினைக்கிறான் என்று யோசித்தவர், தன் சொந்தச் சிப்பாய் என்ன நினைக்கிறான் என்று யோசிக்கவில்லை. இந்த முரணை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தலைப்பாகையும் மீசை விதியும் தலைமைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில், படை அலுவலகத்தில் தயாரானவை. படை விதித் தொகுப்பு மார்ச்சில் கவர்னரின் ஒப்புதலுக்கு வந்தபோது, நெற்றிக்குறி பற்றிய பிரிவு புதிது என்று தனக்குச் சுட்டிக்காட்டப்படவே இல்லை என்பது பெண்டிங்க்கின் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மே மாதம் வேலூரில் ஒரு பட்டாளமே தலைப்பாகையைப் போட மறுத்ததும், அவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து விரட்டியதும், 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பியதும் அரசுக்குத் தெரியும். ஜூன் கடைசியில் கிரடாக்கே லேசாகப் பயந்துபோய், என்ன செய்யலாம் என்று கவர்னரின் ஆலோசனையைக் கேட்டு எழுதினார். பின்வாங்க வேண்டாம் என்றது கவர்னரின் சபை. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பதை மார்ச்சில் சொல்லலாம். ஜூலையில் சொல்ல முடியாது.

விசாரணைகள் நடந்தன. பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர்கள், சுடப்பட்டவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் என்று பட்டியல் நீண்டது. கலகத்தில் சேர்ந்த படைப்பிரிவுகள் பெயரே இல்லாமல் கலைக்கப்பட்டன. வேலூர்க் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. தலைப்பாகை உத்தரவு ஜூலை மாதமே ரத்தானது. பதினைந்து நாள் முன்னால் ரத்தாகியிருந்தால் இந்தத் தொடரே இல்லை.

லண்டனில் கம்பெனி இயக்குநர்கள் கொதித்தார்கள். 1807இல் பெண்டிங்க்கின் அப்பா இங்கிலாந்தின் பிரதமரானார். அதே ஆண்டு மகனின் கவர்னர் வேலை போனது. அப்பா பிரதமராக இருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை! நம் ஊர் அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம்தான். கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்.

1809இல் பெண்டிங்க் இயக்குநர்களுக்கு ஒரு நீண்ட மனு எழுதினார். என் மேல் தவறில்லை, என் பெயரைத் துடைத்துக் கொடுங்கள் என்பதுதான் சாரம். பதவி திரும்பி வரவில்லை. சிசிலிக்குப் போனார், ஜெனோவாவுக்குப் படை நடத்தினார், பார்லிமெண்டில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் ஓர் ஊர்ப் பெயர் அவர் பின்னால் வந்தது.

இருபத்தோரு ஆண்டு கழித்து, 1828 ஜூலையில், அதே மனிதர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இந்த முறை கவர்னர் ஜெனரல். ஐம்பத்து மூன்று வயது. கஜானாவில் பர்மா யுத்தம் போட்ட பள்ளம். செலவைக் குறைக்க வேண்டும் என்று கம்பெனியின் கட்டளை. எங்கே கை வைத்தார் தெரியுமா? படையில்! கல்கத்தாவிலிருந்து 400 மைலுக்குள் இருந்த முகாம்களில் அதிகாரிகளின் பட்டா என்ற படியைப் பாதியாக வெட்டினார். வெள்ளை அதிகாரிகள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கல்கத்தா பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அவர் அசரவில்லை.

அடுத்து மேசைக்கு வந்தது உடன்கட்டை.

பழைய கவர்னர் ஜெனரல்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எண்கள் எழுதி வைத்தார்கள், விதிகள் போட்டார்கள், எதிரில் போலீஸ்காரரை நிற்க வைத்தார்கள். அதனால் ‘சட்டப்படியான’ உடன்கட்டை, ‘சட்டவிரோதமான’ உடன்கட்டை என்று இரண்டு வகை உருவானதுதான் மிச்சம். தடை செய்ய மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை. எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: மதத்தில் கை வைத்தால் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்புவான். அதற்கு ஆதாரமாக நீட்டிய ஊர் எது என்று நான் சொல்ல வேண்டுமா?

பெண்டிங்க்குக்கு அந்த ஊர் பழமொழி இல்லை, முதுகுத் தழும்பு. ஆகவே அவர் செய்த முதல் வேலை, 1806இல் செய்யத் தவறிய வேலை. கேட்டார்.

49 படை அதிகாரிகளுக்கு ரகசியமாகக் கடிதம் போனது. தன் படியில் பாதியை வெட்டியவர் தன்னிடமே ஆலோசனை கேட்கிறாரே என்று அந்த அதிகாரிகளில் சிலர் நிச்சயம் முணுமுணுத்திருப்பார்கள். பதில்கள் வந்தன. பெண்டிங்க் அவற்றைத் தோல் மண்டியில் சரக்கைத் தரம் பிரிப்பது மாதிரி நான்கு குவியலாகப் பிரித்தார். எதிலும் தலையிடவே கூடாது என்றவர்கள் 5 பேர். ஒழியட்டும், ஆனால் அடியோடு தடை வேண்டாம் என்றவர்கள் 12 பேர். நேராகச் சட்டம் போடாமல் மாஜிஸ்ட்ரேட்டுகளை வைத்து மறைமுகமாகத் தடுக்கலாம் என்றவர்கள் 8 பேர். உடனே, வெளிப்படையாக, முழுதாகத் தடை செய்யுங்கள் என்றவர்கள் 24 பேர்.

அதோடு நிற்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். 1828இல் வங்காள ராஜதானி முழுவதும் பதிவான உடன்கட்டைகள் 463. அவற்றில் 420 வங்கம், பீகார், ஒரிசாவில். கல்கத்தா கோட்டத்தில் மட்டும் 287. சிப்பாய்களோ பெரும்பாலும் மேற்கே, அவத் பக்கத்துக்காரர்கள். எரியும் இடம் வேறு, துப்பாக்கி பிடிக்கும் கைகளின் ஊர் வேறு. இந்தக் கணக்கு அவருக்குத் தைரியம் தந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், உடன்கட்டையை எதிர்த்து ஊரையே பகைத்துக்கொண்ட ராஜா ராம்மோகன் ராயே சட்டம் வேண்டாம் என்றார். சத்தமில்லாமல் போலீஸை வைத்து, தடங்கல்களைக் கூட்டிக் கூட்டி அடக்கலாம். சட்டம் போட்டால் வெள்ளைக்காரன் நம் மதத்தில் நுழைகிறான் என்ற பயம் பரவும் என்பது அவர் யோசனை. பெண்டிங்க் அதையும் மரியாதையோடு எழுதி வைத்துக்கொண்டார். எழுதி வைத்துக்கொண்டு, மீறினார்.

1829 டிசம்பர் 4. உடன்கட்டைக்குத் துணைபோவது தண்டனைக்குரிய குற்றம் என்ற சட்டம், அந்த ஆண்டின் 17ஆம் எண் ரெகுலேஷன், நிறைவேறியது. மறு ஆண்டு சென்னை ராஜதானிக்கும் அதே தடை வந்தது.

இங்கே பூகோளத்தைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே வாரம், நான்கே நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, வாஷிங்டனில் அமெரிக்க ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் தன் முதல் ஆண்டுச் செய்தியைக் காங்கிரசுக்கு அனுப்பினார். அந்த மார்ச் மாதம்தான் பதவிக்கு வந்திருந்தார். அவரும் ‘சீர்திருத்தம்’ என்ற சொல்லைப் பதவியேற்பு உரையிலேயே எடுத்தவர். பல வருடம் நாற்காலியைத் தேய்த்த அரசு ஊழியர்களை மாற்ற வேண்டும், சாமானியனும் ஆபீஸில் உட்காரலாம் என்றவர். அந்த டிசம்பர்ச் செய்தியில் அவர் முன்வைத்த இன்னொரு யோசனை, செரோக்கி முதலான பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே குடியமர்த்துவது. விருப்பப்பட்டுப் போகட்டும் என்றுதான் எழுதினார். 1830 மே மாதம் அது சட்டமானது. 1838இல் செரோக்கி மக்கள் படை காவலுடன் துரத்தப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜாக்சன் அவர்களைப் பேசவிடவில்லை என்று சொல்ல முடியாது. செரோக்கிகள் உச்ச நீதிமன்றம் வரை போய் 1832இல் ஜெயித்தார்கள். ஜெயித்தும் பயனில்லை. பெண்டிங்க்குக்கு ஒரு வேலூர் வாய்த்தது மாதிரி ஜாக்சனுக்கு எதுவும் வாய்க்கவில்லை என்று எனக்குத் தோன்றும். வரலாற்று ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். சட்டம் வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாளையங்களையே பார்த்தார்கள். ஒரு சிப்பாயும் அசையவில்லை. கல்கத்தாப் பெரிய மனிதர்கள் சிலர் மட்டும் லண்டன் பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு கொண்டுபோனார்கள். 1832இல் அது தள்ளுபடியானது. அப்போது ராம்மோகன் ராய் லண்டனில் இருந்தார், சட்டத்துக்கு ஆதரவாக! முன்பு வேண்டாம் என்றவர், வந்தபின் விட்டுக்கொடுக்கவில்லை.

மீதியை வேகமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடப் பாடத்தில் மார்க் வாங்கியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஸ்லீமன் என்ற அதிகாரியை வைத்துத் தக்கர்கள் என்ற வழிப்பறிக் கூட்டங்களை வேட்டையாடினார். நீதிமன்றங்களில் இந்தியர்களுக்குக் கூடுதல் அதிகாரமும் சம்பளமும் கொடுத்தார். 1833 சாசனச் சட்டத்தால் ‘இந்தியாவின்’ முதல் கவர்னர் ஜெனரல் ஆனார். 1834இல் உடம்பு முடியாமல் ஊட்டியில் தங்கியிருந்தபோது, சென்னையில் கப்பலிறங்கிப் பல்லக்கில் வந்து அவரைச் சந்தித்தார் மெக்காலே. மெக்காலே வந்த வழியில் ஆற்காடும் இருந்தது. 1835இல் கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரி, ஆங்கிலக் கல்வித் தீர்மானம். அந்தத் தீர்மானத்தின் நல்லது கெட்டதைப் பற்றி நம் வீடுகளில் இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் அதில் தலையிடப் போவதில்லை.

ஆனால் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இடம் கிடைக்காத ஒரு தாள் உண்டு.

1835 பிப்ரவரி. மார்ச்சில் பெண்டிங்க் பதவியிறங்கிக் கப்பலேற வேண்டும். அப்போது அவர் கவர்னர் ஜெனரல் மட்டுமல்ல, தலைமைத் தளபதியும் அவரே. 1806இல் கிரடாக் உட்கார்ந்த நாற்காலியும் தான் உட்கார்ந்த நாற்காலியும் இப்போது ஒரே ஆளுக்கு. “எனக்குக் காட்டவில்லை” என்று இனி யாரையும் கைகாட்ட முடியாது. மேசைமேல் இருந்தது சிப்பாய்களுக்கான தண்டனை பற்றிய கோப்பு. கசையடி வேண்டுமா, வேண்டாமா? பழுத்த அதிகாரிகளில் பலர், கசை இல்லாமல் படை நிற்காது என்றார்கள். அதே படையில் வெள்ளைச் சிப்பாயின் முதுகுக்கும் கசை உண்டு. அதை நீக்கும் அதிகாரம் பெண்டிங்க்குக்கு இல்லை. கறுப்பனுக்கு ஒரு நியாயம், வெள்ளையனுக்கு ஒரு நியாயம் என்று முதன்முறையாகத் தலைகீழாக எழுத வேண்டிய இடம்.

வேலூரில் 1806 மே மாதம் தலைப்பாகையை மறுத்த அந்த இருவரின் முதுகு அவர் கண்ணில் வந்திருக்குமா? பிப்ரவரி 24 அன்று அவர் பேனாவை எடுத்தார்.

(தொடரும். அந்த உத்தரவில் இருந்ததும், அது பத்தே வருடத்தில் என்ன ஆனது என்பதும் அடுத்த வாரம். வேலூர் மக்கான் சந்திப்பு நினைவுத் தூணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவர்களுக்கு: படம் வரும். அதுவரை கோட்டைக்குப் போகிறவர்கள் அகழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், எதிரே இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்திலும் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.)